‘இன்ஃபிடெலிட்டி’க்குத் தமிழில் எந்தச் சொல்லை எழுதுவது?

‘இன்ஃபிடெலிட்டி’ என்ற ஆங்கிலச் சொல் அண்மையில் மூன்று வேறு தாள்களில் உங்களுக்கு எதிர்ப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, தம்பதியருக்கான மனநல ஆலோசனைக் கையேடு. மற்றொன்று, குடும்பநல நீதிமன்றத்தில் தாக்கலான விவாகரத்து மனு. மூன்றாவது, 1870களில் ஒரு பாதிரியார் தம் ஊருக்கு எழுதிய கடிதம். அகராதியைப் புரட்டினால் துரோகம், விசுவாசமின்மை, கள்ளக்காதல், கற்பின்மை, விபச்சாரம், பிறன்மனை நயத்தல் என்று ஒரு வரிசையே கிடைக்கிறது, அதில் எதை எழுதுவது என்பது உங்கள் கேள்வி. நீதிமன்றத் தாள்களை மொழிபெயர்ப்பதிலேயே பல ஆண்டுகளைக் கழித்தவன் என்ற முறையில், இந்த ஒரு சொல்லோடு நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆகவே பதில் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் உங்களுடைய மூன்றாவது தாளின் சிக்கல் அங்கேயே அவிழ்ந்துவிடும். லத்தீனில் ‘ஃபிடெஸ்’ என்றால் நம்பிக்கை. வாக்குறுதி, வாக்குத் தவறாமை என்பனவும் அதன் பொருள்களே. அதிலிருந்து வந்தது ‘ஃபிடெலிஸ்’, அதாவது நம்பத் தக்கவர், வாக்கில் நிற்பவர். அதற்கு முன் ‘இன்’ என்ற எதிர்மறை சேர்ந்தால் இன்ஃபிடெலிட்டி. இந்தச் சொல் பிரெஞ்சு வழியாக 15ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் நுழைந்தபோது அதற்குக் கணவன் மனைவியோடு எந்தத் தொடர்பும் இல்லை. கிறித்துவ சமயத்தை நம்பாமை என்பதே அதன் பொருள். ‘இன்ஃபிடல்’ என்றால் கிறித்துவர் அல்லாதவர், குறிப்பாக முஸ்லிம். ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவது என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டில்தான் வந்து ஒட்டிக்கொண்டது, பிறகு மெல்ல மெல்லத் திருமண வாழ்வுக்கே உரியதாகச் சுருங்கியது. இன்றைய ஆங்கிலத்தில் அடைமொழி எதுவும் இல்லாமல் இச்சொல் வந்தால் பெரும்பாலும் திருமண வாக்கை மீறியதைத்தான் குறிக்கும். ஆனால் 19ஆம் நூற்றாண்டு வரையிலான சமய எழுத்துகளில் அது அவநம்பிக்கையையும் நாத்திகத்தையும் குறித்தது.

எனவே உங்கள் பாதிரியார், படித்த இளைஞரிடையே இன்ஃபிடெலிட்டி பரவுகிறது என்று கவலைப்பட்டு எழுதியிருந்தால், அந்த இளைஞர்களின் இல்லற ஒழுக்கத்தைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. சென்னையில் இலௌகிக சங்கத்தார் ‘தத்துவவிவேசினி’ என்ற தமிழ் இதழையே நடத்திக் கடவுள் மறுப்பை விவாதித்த காலம் அதற்குச் சில ஆண்டுகளிலேயே, 1880களில், வந்துவிட்டது. அந்தச் சூழலில் அந்தச் சொல்லுக்கு அவிசுவாசம், நாத்திகம், இறைமறுப்பு ஆகிய மூன்றில் ஒன்றுதான் பொருந்தும். பாதிரியாரின் வாய்மொழி என்பதால் நான் ‘அவிசுவாசம்’ என்றே எழுதுவேன். பழைய தமிழ் விவிலியத்திலேயே ‘என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்’ என்ற மன்றாட்டு இருக்கிறது. ஆங்கில விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘இன்ஃபிடல்’ என்று சொல்லும் ஓரிடத்தில் தமிழில் ‘அவிசுவாசி’ என்று வருகிறது. இந்த வேறுபாடு தெரியாமல், ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய சமயப் பிரசங்கம் ஒன்றைப் பிறன்மனை நோக்கியவர்களின் பட்டியலாக மாற்றிய மொழிபெயர்ப்பை நானே திருத்தியிருக்கிறேன். சிரிப்பை அடக்கிக்கொள்வது எளிதாக இல்லை.

இந்தப் பழைய பொருளுக்கும் இன்றைய பொருளுக்கும் இடையில் ஒரு மனிதர் பாலம் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். மதநிறுவனங்களை விமர்சித்த எழுத்தாளர் தாமஸ் பெயின் 1794இல் வெளியிட்ட நூலில் இச்சொல்லுக்குத் தாமே ஒரு விளக்கம் தந்தார்: நம்புவதோ நம்பாமலிருப்பதோ இன்ஃபிடெலிட்டி ஆகாது, தான் நம்பாத ஒன்றை நம்புவதாகக் காட்டிக்கொள்வதே இன்ஃபிடெலிட்டி. மதவாதிகள் தம்மைக் குத்துவதற்கு வைத்திருந்த சொல்லை அவர்கள் பக்கமே திருப்பிவிட்ட சாமர்த்தியம் ஒருபுறம் இருக்கட்டும். இல்லறத்துக்கும் அந்த விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதைக் கவனியுங்கள். பிரிந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவரை யாரும் இச்சொல்லால் குறிப்பதில்லை. பிரியாதவர்போல் வீட்டில் இருந்துகொண்டே வாக்கை மீறுகிறவரைத்தான் குறிக்கிறார்கள்.

தமிழில் இதற்கு மிக நெருக்கமாக நடந்துகொள்ளும் சொல் ‘விசுவாசம்’. சமய நம்பிக்கைக்கும் அதே சொல். எஜமான விசுவாசம், ராஜ விசுவாசம் என்று ஒருவரிடம் மாறாமல் நிற்பதற்கும் அதே சொல். நாயைச் சொல்லும்போது நாமும் விசுவாசம் என்கிறோம், ஆங்கிலேயரும் நாய்க்கு ‘ஃபைடோ’ என்று, லத்தீனில் ‘நம்புகிறேன்’ எனப் பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். இவ்வளவு ஒத்துப்போகிற சொல்லை வைத்துக்கொண்டு ‘விசுவாசமின்மை’ என்று எழுதிவிட்டுப் போகலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது, எழுதியும் பார்த்தேன். ‘கணவரின் விசுவாசமின்மையால் மனுதாரர் மன உளைச்சலுக்கு ஆளானார்’ என்ற வரியைப் படித்த வழக்கறிஞர் ஒருவர், ‘ஏன் சார், அந்தக் கணவர் இவர் கம்பெனியில் வேலை பார்க்கிறாரா?’ என்று கேட்டார். தமிழில் விசுவாசம் கீழிருந்து மேல்நோக்கிச் செல்வது. வேலைக்காரன் எஜமானுக்கும், குடிமகன் அரசனுக்கும், பக்தன் கடவுளுக்கும் விசுவாசமாக இருப்பார்கள். சமமான இருவருக்கு இடையே அந்தச் சொல் நிற்பதில்லை. ஒருவேளை இருபது ஆண்டுகளில் நிற்கக்கூடும், இன்று இல்லை.

இனி விவகாரமான பகுதிக்கு வருகிறேன். அகராதி தந்த மற்றச் சொற்களைப் பொருளை வைத்துப் பிரிக்க முயன்றால் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். அவை தொடரில் எந்த வேற்றுமை உருபைக் கேட்கின்றன என்று பார்த்தால் நான்காகப் பிரிந்துவிடும். இலக்கண வகுப்பை நினைவூட்டுவதற்கு மன்னியுங்கள். எனக்குப் பயன்பட்ட ஒரே சோதனை இதுதான்.

துரோகம் என்ற சொல் ‘கு’ உருபைக் கேட்கும்: மனைவிக்குத் துரோகம் செய்தான், கணவனுக்குத் துரோகம் செய்தாள். நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் முதல் இரண்டு கொடையும் பகையும். ‘அவளுக்கு வாக்குக் கொடுத்தான்’ என்பதும் ‘அவளுக்குத் துரோகம் செய்தான்’ என்பதும் ஒரே உருபில் அமைவது தற்செயல்தான், ஆனால் பொருத்தமான தற்செயல். வாக்கு யாருக்குக் கொடுக்கப்பட்டதோ அவரே இந்தத் தொடரின் மையம். மூன்றாம் ஆள் யார், என்ன நடந்தது, எத்தனை முறை நடந்தது என்பதை இந்தச் சொல் கேட்பதே இல்லை. ஆங்கிலத்தில் இன்ஃபிடெலிட்டியும் அப்படித்தான். அது வாழ்க்கைத் துணையை நோக்கிய சொல், ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே மாதிரி பொருந்தும் சொல், செயலின் விவரத்தைச் சொல்லாமல் வாக்கின் முறிவை மட்டும் சொல்லும் சொல்.

கள்ளக்காதல், கள்ளத்தொடர்பு, தகாத உறவு, செய்தித்தாள்களில் இப்போது பரவலாகிவிட்ட ‘திருமணம் மீறிய உறவு’ ஆகிய எல்லாம் ‘ஓடு’ உருபைக் கேட்பவை: பக்கத்து வீட்டுக்காரரோடு கள்ளத்தொடர்பு, உடன் வேலை செய்பவரோடு தகாத உறவு. இங்கே வாழ்க்கைத் துணை தொடரிலிருந்தே காணாமல் போய்விடுகிறார், மூன்றாம் ஆள் மையத்துக்கு வந்துவிடுகிறார். ஆங்கிலத்தில் ‘அஃபேர்’ என்ற சொல் செய்யும் வேலை இது. இன்ஃபிடெலிட்டி என்று வருமிடத்தில் கள்ளக்காதல் என்று எழுதினால் பொருள் அடியோடு மாறாது, ஆனால் பார்க்கும் இடம் மாறிவிடும்: காயம் பட்டவரின் பக்கமிருந்து பார்த்த தொடர், தெருவில் நின்று வேடிக்கை பார்ப்பவரின் தொடராகிவிடும். கொலைச் செய்திகளின் தலைப்பில் அந்தச் சொல் பல பத்தாண்டுகளாகக் குடியிருக்கிறது என்பதால், அதைப் படித்தவுடனே ரத்தமும் அரிவாளும் நினைவுக்கு வருவதையும் தவிர்க்க முடியாது.

‘கள்ள’ என்ற அந்த முன்னொட்டில் இன்னொரு வியப்பு இருக்கிறது. சங்க அகப்பாடல்களின் ‘களவு’ என்பதும் அதே அடியிலிருந்து வருவதுதான். அங்கே களவு என்பது திருமணத்துக்கு முந்தைய, பிறர் அறியாத காதல். அதில் இழுக்கு எதுவும் இல்லை, அது கற்பில் முடிய வேண்டும் என்பதே மரபு. தொல்காப்பியத்தில் ‘கற்பு’ என்பது முறைப்படி மணந்துகொண்டபின் வரும் வாழ்க்கையைக் குறிக்கும் சொல். களவியல், கற்பியல் என்று இயல்களே அடுத்தடுத்து வைக்கப்பட்டிருக்கின்றன. மறைவான காதல் என்ற ஒரே பொருளுடைய களவு மதிப்புக்குரிய இலக்கணச் சொல்லாக நின்றுவிட, கள்ளக்காதல் குற்றச் செய்தியின் சொல்லாகிவிட்டது. திருட்டை நினைத்துப் பெயரிடுவது நம் வழக்கம்போலும். ‘சோரம் போனாள்’ என்பதில் வரும் சோரமும் வடமொழியில் திருட்டே.

மூன்றாவது வகை ஆறாம் வேற்றுமை. ‘பிறன்மனை’ என்பது பிறனது மனை, பிறனுடைய மனைவி. உருபு தொக்கி நிற்கிறது, உடைமை தொக்கி நிற்கவில்லை. திருக்குறளின் 15ஆம் அதிகாரம் ‘பிறனில் விழையாமை’ என்று பெயர் பெற்றது. அதன் முதற்குறளில் அந்தப் பெண் ‘பிறன்பொருளாள்’ என்றே குறிக்கப்படுகிறாள், பிறனுக்கு உரிமையான பொருள் போன்றவள் என்று. தவறு செய்பவனுக்கு அங்கே வழங்கும் பெயர் ‘இல்லிறப்பான்’, பிறன் இல்லத்துள் நெறி கடந்து நுழைபவன். அறிவுரை முழுவதும் ஆண்களை நோக்கியது, அவர்களைக் கடுமையாகக் கண்டிப்பது, ‘பேராண்மை’ என்ற சொல்லைப் பிறன்மனை நோக்காதவனுக்கே உரிமையாக்குவது. அதையெல்லாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே தீங்கு இழைக்கப்படுபவன் அந்தப் பெண்ணின் கணவன். தவறு செய்த ஆணின் சொந்த மனைவி அந்த அதிகாரத்தில் எங்கும் வருவதில்லை. எனவே பிறன்மனை நயத்தலும் இன்ஃபிடெலிட்டியும் ஒரே நிகழ்ச்சியைக் குறிக்கக்கூடும் என்றாலும் அவற்றின் முறையீடு வெவ்வேறு ஆளிடமிருந்து வருகிறது.

நான்காவது வகை கற்பிழந்தாள், கற்பு தவறினாள், கெட்டுப்போனாள் என்பன. இங்கே எதிரில் நிற்பவர் யாருமே இல்லை. தன் கற்பைத் தானே இழந்தாள் என்று செயல் அவளிடமே தொடங்கி அவளிடமே முடிகிறது, அதுவும் பெண்ணுக்கு மட்டும். ‘கற்பிழந்தான்’ என்று எழுதினால் வாசகர் அச்சுப்பிழை என்பார். இரு கட்சிக்கும் கற்பைப் பொதுவில் வைப்போம் என்று பாரதி பாடிய பின்னும் வழக்கு அவரைப் பின்பற்றவில்லை. ஆகவே ‘கற்பின்மை’யை இந்தச் சொல்லுக்கு நேராக வைக்கும் அகராதிகளை நான் ஏற்பதில்லை.

ஆணுக்குச் சொல்லே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு காலத்தில் இருந்தது, நல்ல சொல்லாகவே இருந்தது. காமத்துப்பாலின் புலவி நுணுக்கத்தில், 1311ஆம் குறளில், தலைவி தன் கணவனைப் ‘பரத்த’ என்று விளிக்கிறாள்: பெண்கள் எல்லோரும் உன் மார்பைக் கண்ணால் பொதுவாக உண்கிறார்கள், ஆகவே அதை நான் நெருங்க மாட்டேன் என்கிறாள். பரத்தன் என்றால் பல பெண்களை நாடுகிறவன். அதைச் சொல்பவள் மனைவி, அவன் முகத்துக்கு நேரே சொல்கிறாள், வாக்குத் தவறியவன் என்ற பொருளும் அதில் இருக்கிறது. இதைவிடப் பொருத்தமான சொல் தமிழில் உண்டா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனால் ‘பரத்தை’ மட்டும் இலக்கிய வாசகரிடம் உயிரோடு இருக்க, ‘பரத்தன்’ உரையாசிரியர்களோடு தங்கிவிட்டான். மருதத் திணைப் பாடல்களில் பரத்தையிடமிருந்து திரும்பும் தலைவனுக்குத் தோழியும் தலைவியும் வாயில் மறுக்கிறார்கள், ஊடுகிறார்கள், குத்திப் பேசுகிறார்கள்; துரோகம் என்று மட்டும் சொல்வதில்லை. ஊடல் அங்கே உரிப்பொருள், அதாவது அந்தத் திணைக்கே உரிய உணர்வு, கொஞ்ச நேரத்தில் தணிய வேண்டியது என்பது மரபு. மனைவி அப்படிச் செய்ததாகச் சொல்லும் பாடலுக்கு அந்த மரபில் இடமே கிடையாது, எனவே அத்தகைய சூழலைக் குறிக்க ஒரு துறைப்பெயரும் இல்லை.

பிற்காலத்திலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. வைப்பாட்டி, தொடுப்பு, சின்னவீடு என்று அந்த மூன்றாவது பெண்ணுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கிறது, அவளை வைத்துக்கொண்டிருக்கும் ஆணுக்குப் பெயர் தேடினால் கிடைப்பதில்லை. இதற்குச் சட்டத்திலும் ஒரு காரணம் உண்டு: சென்னை மாகாணத்தில் இந்து ஆண் ஒருவர் மனைவி உயிரோடிருக்கும்போதே இன்னொருத்தியை மணப்பதற்கு 1949ஆம் ஆண்டின் இருதார மணத் தடைச் சட்டம் வரும் வரையில் பொதுவாகத் தடை இருக்கவில்லை. இரண்டாம் தாரமே செல்லும் என்றிருந்த இடத்தில், கணவன் வாக்குத் தவறினான் என்று குற்றம்சாட்டும் பெயர்ச்சொல் வேர்விட இடம் குறைவு.

விபச்சாரம் என்ற சொல் தனியே பேசப்பட வேண்டியது, ஏனென்றால் அதிகமாகத் தீங்கு செய்வது அதுதான். வடமொழியில் வியபிசாரம் என்றால் நெறி விலகிச் செல்லுதல், அவ்வளவே. தர்க்க நூல்களில், காரணமாகக் காட்டப்படும் ஏது, அதைக்கொண்டு நிறுவ வேண்டிய சாத்தியத்தைவிட்டு விலகிப் பிற இடத்திலும் காணப்பட்டால் அந்தக் குற்றத்துக்குக்கூட இந்தப் பெயர்தான். பழைய தமிழ் விவிலியத்தில் பத்துக் கட்டளைகளில் ஒன்று ‘விபசாரம் செய்யாதிருப்பாயாக’ என்று இருக்கிறது. அங்கே அது திருமண வாக்கை மீறுவதையே குறிக்கிறது. தமிழ் முஸ்லிம்களின் சமய எழுத்தில் ‘ஸினா’ என்பதற்கு நேராக விபச்சாரம் வருகிறது, மணமானவர் மணமாகாதவர் ஆகிய இரு தரப்பாரின் முறைகேடான உறவையும் அது அடக்கும். பொதுவழக்கிலோ, காசுக்கு உடலை விற்பது என்ற ஒரே பொருளில் அது இறுகிவிட்டது; விபச்சார வழக்கு என்று நாளிதழ் எழுதினால் 1956ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டத்தின்கீழ்ப் பதிவான வழக்கு என்றே எல்லோரும் புரிந்துகொள்வார்கள். ஆலோசனை மையம் ஒன்று அச்சிட்ட கையேட்டில், ‘உங்கள் துணைவரின் விபச்சாரத்தை நீங்கள் எப்படி எதிர்கொள்வது’ என்ற தலைப்பைப் பார்த்திருக்கிறேன். அலுவலகத் தோழர் ஒருவரோடு மனைவி நெருங்கிவிட்டாள் என்று உடைந்துபோய் வந்த கணவர் கையில் அதைக் கொடுத்தால், அவர் ஆறுதல் பெறுவாரா, அல்லது அவர் நினைத்தே பார்த்திராத ஓர் இழிவையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போவாரா? சமய நூல்களை மொழிபெயர்க்கும்போது தவிர, வேறெங்கும் இச்சொல்லைத் தொடவேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

உங்களுடைய இரண்டாவது தாள் விவாகரத்து மனு. இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. இன்ஃபிடெலிட்டி சட்டச் சொல் அல்ல. சட்டத்தின் சொல் ‘அடல்டரி’. ‘அடல்ட்’ என்ற சொல்லோடு அதற்கு உறவில்லை. கெடுத்தல், கலப்படம் செய்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து அது வருகிறது, பாலில் தண்ணீர் கலப்பதற்கு ஆங்கிலத்தில் வழங்கும் சொல்லும் அதே குடும்பம்தான். இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் அதற்கு 497ஆம் பிரிவில் கொடுத்த வரையறை மிகக் குறுகியது: மற்றொருவரின் மனைவி என்று அறிந்தும், அந்தக் கணவரின் சம்மதமோ உடந்தையோ இல்லாமல் அவளோடு உடலுறவு கொள்ளும் ஆணுக்கு ஐந்தாண்டு வரை சிறை. அந்தப் பெண்ணை உடந்தையாளர் என்றுகூடத் தண்டிக்க முடியாது. புகார் கொடுக்கும் உரிமை அவள் கணவருக்குத்தான். கணவர் சம்மதித்திருந்தால் குற்றமே இல்லை. மணமான ஆண் ஒருவர் மணமாகாத பெண்ணோடு அல்லது கைம்பெண்ணோடு உறவு வைத்தாலும் குற்றமில்லை, அவருடைய மனைவிக்குச் சொல்ல இடமும் இல்லை. 2018 செப்டம்பர் 27 அன்று ஜோசப் ஷைன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, மனைவியைக் கணவனின் உடைமையாகக் கருதும் பிரிவு இது என்று சொல்லி அதைச் செல்லாததாக்கியது. சற்று முன் நான் சொன்ன ஆறாம் வேற்றுமை அங்கே சட்டமாகவே நின்றுகொண்டிருந்தது. அதே பிரிவை 1985இல் செல்லும் என்று சொன்ன அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் ஒய்.வி. சந்திரசூட்; 2018 அமர்வில் இருந்தவர்களுள் ஒருவர் அவருடைய மகன் டி.ஒய். சந்திரசூட். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அப்படி ஒரு பிரிவு இல்லை.

குற்றம் என்பது போய்விட்டதே தவிர, விவாகரத்துக்கான காரணம் என்பது போகவில்லை. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டத்தில் முன்பு, எதிர்த்தரப்பு ‘பிறரோடு முறைகேடாக வாழ்ந்துகொண்டிருப்பதை’ மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 1976 திருத்தத்துக்குப் பின், மணமான பிறகு துணையல்லாத ஒருவரோடு மனமொப்பி ஒருமுறை உடலுறவு கொண்டிருந்தாலும் போதும், கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே அளவுகோல். ஆனால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜீவனாம்சத்தை மறுக்கும் பிரிவில் அந்தப் பழைய ‘வாழ்ந்துகொண்டிருப்பது’ என்ற சொற்றொடர் இன்னும் இருக்கிறது, அது தொடர்ச்சியான நடத்தையைக் கேட்கிறது, ஒற்றைத் தவறு போதாது. கிறித்துவர்களுக்கான 1869ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, 2001 வரையில் கணவன் இதை மட்டும் காட்டி விவாகரத்துப் பெறலாம். மனைவி இதோடு கொடுமை, கைவிடல் போன்ற இன்னொன்றையும் சேர்த்துக் காட்ட வேண்டும். இலங்கையில் 1907ஆம் ஆண்டின் திருமணப் பதிவுக் கட்டளைச் சட்டம் விவாகரத்துக்கு அனுமதிக்கும் மூன்றே காரணங்களில் இதுவும் ஒன்று. மற்ற இரண்டு, வேண்டுமென்றே கைவிட்டுச் செல்வதும், மணநாளிலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவும்.

இவ்வளவையும் நான் சொல்வதற்குக் காரணம், மனுவில் இன்ஃபிடெலிட்டி என்று இருந்தால் அதைச் சட்டச் சொல்லாக உயர்த்திவிடக் கூடாது என்பதே. மனுதாரர் தம் கணவர் வேறு ஒருவரோடு நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருக்கிறார், காதல் கடிதம் போன்ற குறுஞ்செய்திகளை அனுப்புகிறார் என்று மட்டுமே சொல்லியிருக்கலாம். அதை ‘பிறர்மனை கூடியது’ என்று நீங்கள் மொழிபெயர்த்துவிட்டால், அவர் சொல்லாத, மெய்ப்பிக்க முடியாத ஒரு குற்றச்சாட்டை அவர் தலையில் கட்டிவிடுகிறீர்கள். அது பொய்க் குற்றச்சாட்டு, எனவே கொடுமை என்று எதிர்த்தரப்பு வாதிடவும் வாய்ப்பு உண்டாகிறது. அடல்டரி நடந்தால் அது இன்ஃபிடெலிட்டி. இன்ஃபிடெலிட்டி என்றால் அது அடல்டரியாக இருக்க வேண்டியதில்லை.

‘சீட்டிங்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. ஆங்கிலப் பேச்சில் அது இன்ஃபிடெலிட்டியின் சட்டை கழற்றிய வடிவம், வீட்டுப் பேச்சுக்கு உரியது. தமிழ்நாட்டில் சீட்டிங் கேஸ் என்றால் பழைய தண்டனைச் சட்டத்தின் 420ஆம் பிரிவு. சீட்டுப் பணத்தோடு ஓடிப்போனவர் நினைவுக்கு வருவார். நம்பிக்கை மோசடி என்று எழுதினாலும் அதே கதைதான். அது ஒப்படைத்த பணத்தைச் சுருட்டியவருக்கான தண்டனைச் சட்டச் சொல்.

ஆலோசனைக் கையேட்டில் இன்னும் சில கூட்டுச்சொற்கள் வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். உடல் தொடர்பே இல்லாமல், மனைவிக்கோ கணவனுக்கோ உரிய அந்தரங்கத்தையும் அக்கறையையும் வேறொருவரிடம் கொண்டுபோய்க் கொட்டுவதை ‘எமோஷனல் இன்ஃபிடெலிட்டி’ என்கிறார்கள். கடனையோ சம்பளத்தையோ ரகசியக் கணக்கையோ துணையிடம் மறைப்பதை ‘ஃபைனான்ஷியல் இன்ஃபிடெலிட்டி’ என்கிறார்கள். இவற்றை மனத்தளவில் செய்யும் துரோகம், பண விஷயத்தில் செய்யும் துரோகம் என்று எழுதினால் எவருக்கும் விளங்கும். கள்ளக்காதல் என்ற சொல்லை அடிப்படையாக வைத்திருந்தீர்களானால் இரண்டாவதை எழுதவே முடியாமல் திண்டாடியிருப்பீர்கள், ஏனென்றால் அங்கே மூன்றாம் ஆளே கிடையாது. ‘கு’ உருபு இங்கும் கைகொடுக்கிறது.

துரோகம் கொஞ்சம் கனமான சொல், நாட்டைக் காட்டிக்கொடுத்தவனுக்கும் அதையே சொல்கிறோம் என்ற மறுப்பு வரக்கூடும். நியாயமான மறுப்புதான். அதனால்தான் பெயர்ச்சொல்லாக அதை ஒவ்வொரு வரியிலும் போடாமல், ‘துணைக்கு உண்மையாக இல்லாதபோது’, ‘கொடுத்த வாக்கை மீறியவர்’, ‘நம்பியவரை ஏமாற்றியது’ என்று வினையில் கரைத்துவிடச் சொல்கிறேன். தமிழ் இத்தகைய செய்திகளை வினையாகச் சொல்லும்போதுதான் இயல்பாக ஒலிக்கிறது. ‘உண்மையாக இருத்தல்’ என்பது புதிதாகச் சமைத்த தொடரும் அல்ல. விவிலியத் தமிழில் வாக்கில் நிற்கும் ஊழியன் ‘உண்மையுள்ள’ ஊழியனே. மூலத்துக்கு உண்மையாக இல்லாத மொழிபெயர்ப்பு என்றும் நாம் பேசுகிறோம். நம் தொழிலிலும் இந்தச் சொல்லுக்கு ஓர் இடம் உண்டு: 17ஆம் நூற்றாண்டு பிரான்சில், மூலத்தை மனம்போல மாற்றி அழகாக எழுதிய மொழிபெயர்ப்புகளை ‘அழகிய துரோகிகள்’ என்று பெண்பாலில் கிண்டல் செய்தார்கள். அழகாக இருக்கும் பெண் வாக்கில் நிற்க மாட்டாள் என்ற ஆண் புலம்பலை மொழிபெயர்ப்பின்மீது ஏற்றிய கிண்டல் அது. எந்த ஊரிலும் பழி எந்தப் பக்கம் முதலில் போகிறது என்பதை அதிலும் காணலாம்.

இனி உங்கள் மூன்று தாள்களுக்கு என் பரிந்துரை. கையேட்டின் அத்தியாயத் தலைப்புக்கு ‘துணை உண்மையாக இல்லாதபோது’ என்றும், உள்ளே தேவைப்படும் இடங்களில் துரோகம் என்றும் எழுதுங்கள். துணைவர், துணைவி என்று பாலைப் பிரிக்காமல் துணை என்றே கடைசிவரை வைத்திருங்கள். பாதிரியாரின் கடிதத்தில் அவிசுவாசம். மனுவில், ‘எதிர்மனுதாரர் திருமண வாக்குறுதியை மீறி, மனுதாரருக்குத் துரோகம் இழைத்தார்’ என்று எழுதிவிட்டு, ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஒருமுறை பக்கத்தில் குறித்துவையுங்கள். மனுவின் வேறு பத்தியில் ‘அடல்டரி’ என்று தனியே வந்தால் அதற்கு மட்டும் பிறரோடு உடலுறவு கொண்டமை என்று பச்சையாகவே எழுதுங்கள், நீதிமன்றம் அதைத்தான் தேடும். மனுதாரரின் வழக்கறிஞரிடம் ஒரு தொலைபேசி அழைப்பில் கேட்டு உறுதிசெய்துகொள்ள முடிந்தால், அச்சுக்குப் போவதற்கு முன் அதைச் செய்துவிடுங்கள்.